பரம்பரையலகு தானே பாய்வதில்லை

உயிரியல் பயிலும் மாணாக்கரிடையே ‘பரம்பரையலகுப் பாய்ச்சல்’ என்னும் தொடர் வழங்குகின்றது. ஒரு விலங்குக் குடித்தொகையின் பரம்பரையலகுகள் பிறிதொரு குடித்தொகையிற் சென்று கலத்தலை அது குறிக்கும். தொடர் பிழையானதன்று. ஆயினும், பாய்தல் என்னும் வினை நீருக்கும் உரியது, விலங்குக்கும் உரியது. மாணாக்கர் நினைப்பதோ மடை திறந்தவுடன் வயலுக்குத் தானே ஓடும் நீரை. அவர்கள் நினைக்கவேண்டியது விலங்கை என்பதே என் கருத்து.

விலங்கு பிறந்த இடத்தை நீங்கவேண்டும். வழியிற் சாவாதிருத்தல் வேண்டும். சென்றவிடத்திற் துணை பெறவேண்டும். ஈன்ற குட்டிகளும் வளர்ந்து ஈனவேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும், அது எத்துணைத் தொலைவு சென்றிருப்பினும் பாய்ச்சல் இல்லை. எந்தப் பருவத்தில், ஆணா பெண்ணா பெயர்கின்றது என்பதை அவ்வுயிரின் வாழ்க்கைமுறையே தீர்மானிக்கின்றது. பாறையில் ஒட்டிய சிப்பி ஓர் அடியும் நகராது. ஆனால் அதன் குடம்பிகள் வாரக்கணக்கில் நீரோட்டத்தில் மிதந்து தொலைவிடம் சேரும். கால்வலிமை மிக்க பூமாவின் மகளோ பெரும்பாலும் தாயின் நிலத்தை அடுத்தே தங்கிவிடும்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துப் பூமாக்கள் இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். அங்கே இளம் ஆண்கள் ஒன்று இரண்டு வயதளவிற் தாயைப் பிரிந்து நெடுந்தொலைவு அலைகின்றன. தென்பகுதியிற் கலூசகாச்சி என்னும் ஆறு குறுக்கிடுகின்றது. ஆண்கள் அதனைக் கடந்து வடக்கே சென்றன. 2008 ஆம் ஆண்டு யோர்ஜியா மாநிலத்திற் சுட்டுக் கொல்லப்பட்ட ஓர் ஆண், தென் புளோரிடாவைச் சேர்ந்ததென்பது பரம்பரையியற் சோதனையாற் தெரியவந்தது. ஆனால் 1973 ஆம் ஆண்டின் பின் 2016 வரை ஆற்றின் வடபால் ஒரு பெண்ணேனும் காணப்பட்டதாகப் பதிவில்லை. பெண்ணில்லாத நிலத்திற் சென்ற ஆணின் பயணம் அதனோடு முடிந்தது.

தனித்து ஒடுங்கிய இக்குடித்தொகை 1990களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 20 முதல் 30 வரையாகக் குறைந்தது. நெருங்கிய உறவினுள் ஈன்றமையால் வளைந்த வால், இதயக் குறை, விதையிறங்காமை ஆகியன பெருகின. 1995 இல் ரெக்சாஸ் மாநிலத்திலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொணர்ந்து விட்டனர். அவற்றுள் ஐந்து ஈன்றன. குறைகள் அருகின, தொகை பன்மடங்காயிற்று. முன்னாளில் இயற்கையாய் நிகழ்ந்த கலப்பை அன்று மனிதர் ஊர்தியிலேற்றிச் செய்யவேண்டியதாயிற்று.

‘வேண்டும்போதெல்லாம் இவ்வாறே கொணரலாமே, வழிகளைக் காப்பது எதற்கு?’ எனக் கேட்பாருளர். அது நோய்க்கு மருந்து, மருந்து உணவாகாது. வேறு சிலர், தொலைவில் ஒரு பெருங்காட்டை ஒதுக்கினாற் போதும் என்பர். ஆண் அக்காட்டை ஒருகால் எட்டலாம். மகளோ தாய்நிலத்தின் அயலில் மெல்லமெல்லப் பரவுவது. ஆகவே தொலைவிலுள்ள பெருங்காட்டினும், ஆற்றங்கரையை ஒட்டித் தொடர்ந்து கிடக்கும் சிறுகாடே முதற்கண் காக்கத்தக்கது. 2016 இல் வடகரையில் ஒரு பெண் காணப்பட்டதும், 2017 இல் அங்கே குட்டிகள் காணப்பட்டதும் இக்கருத்தை வலியுறுத்துகின்றன. வனவிலங்கு வழிகளை இணைத்துக் காக்க அம்மாநிலம் 2021 இற் சட்டம் இயற்றியமை போற்றத்தக்கது.

இது அந்நாட்டுக்கு மட்டும் உரிய பாடமன்று. நம் நாட்டு யானைகளிலும் பெண்கள் தாய்க்கூட்டத்தோடு தங்க, ஆண்கள் இளமை முதிரும்போது பிரிந்து செல்கின்றன. வேலியும் வீதியும் அமைப்போர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும். எத்தனை விலங்குகள் உள என எண்ணிக் கணக்கெழுதுவது போதாது.

ஆதலின், ஆசிரியர்கள் இத்தொடரைக் கற்பிக்குமிடத்து அதன் வரைவிலக்கணத்தை ஒப்புவிக்கச் செய்வதோடு அமையாது, மூன்று வினாக்களையும் உடன் கேட்பாராக: சென்றது யார்? எந்தப் பருவத்திற் சென்றது? சென்றவிடத்தில் ஈன்றதா? இம்மூன்றுக்கும் விடைகூறும் மாணாக்கனே அச்சொல்லின் பொருளை உணர்ந்தவனாவான்.