பள்ளிக்கூடப் பலகையில யூனியன் பேரு, பணம் யாருது?

சென்னை, பெங்களூரிலிருந்து ஊருக்கு வருகிற நண்பர்கள் எங்கள் ஆரம்பப் பள்ளிக்கூடத்தைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "வாத்தியாரு ஒழுங்கா வர்றாருங்களா?" என்பதுதான். வருகிறார். டீச்சரும் வருகிறார். ரெண்டு பேரும் நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். "அப்புறம் ஏன் புள்ளைங்க இவ்வளவு கம்மி?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் ஊராட்சி அலுவலக பீரோவில் இருக்கிற கணக்கு நோட்டுகளில் இருக்குதுங்க. பள்ளிக்கூடத்தை எடை போட வருகிறவர்கள் மார்க்கைப் பார்ப்பார்கள், கட்டடத்தைப் பார்ப்பார்கள். ஊரோட கல்லாப்பெட்டியை ஒருத்தரும் திறந்து பார்த்ததில்லை.

முதலில் அந்தப் பெயர்ப்பலகை. 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்று எழுதியிருக்கும். யூனியன் ஆபீஸ்தான் பள்ளிக்கூடத்தை நடத்துகிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1958ஆம் வருஷ பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு யூனியன்கள் வந்தன, ஆரம்பப் பள்ளிகள் அவற்றின் கைக்குப் போயின. வாத்தியார் சம்பளமும் யூனியன் வழியாகத்தான். அந்தக் காலத்து வாத்தியார்கள் சேர்மன் வீட்டு வாசலில் நின்ற கதையை எங்கப்பா நிறையச் சொல்வார். எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1981 ஜூன் 1 முதல் அவர்கள் எல்லோரும் அரசு ஊழியர்கள் ஆனார்கள். வாத்தியார்களுக்கு அது விடுதலை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் அன்றைக்கே பள்ளிக்கூடம் ரெண்டாகப் பிரிந்தது. ஆள் கல்வித் துறைக்கு, கட்டடம் யூனியனுக்கு.

இன்றைக்கு இன்னும் பல கை. சம்பளம் மாநில அரசு. கூரை ஒழுகினால் யூனியன், அதாவது பி.டி.ஓ. ஆபீஸ். தண்ணியும் குப்பையும் ஊராட்சி. சாக்பீஸ், பதிவேடு, சின்னச் சின்ன ரிப்பேருக்கான பணம் 'சமக்ர சிக்ஷா' திட்டத்தில் வரும். அதில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும் அரசுத் திட்டம். அந்தச் சாப்பாடு இல்லையென்றால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் பத்து மணிக்கே தூங்கிவிடுவார்கள், அதையும் சொல்லணும். இத்தனை பேர் கொடுக்கிறார்களே, பிறகென்ன என்று தோணும். ஆளாளுக்கு ஒன்றைக் கொடுக்கிற இடத்தில், எதுவும் கெட்டுப்போனால் கேட்க ஆள் இருக்காது. கூட்டுக் கிணற்று மோட்டார் மாதிரி. தண்ணி எடுக்க நாலு பேர், காயில் கட்ட யாருமில்லை.

கழிப்பறையை எடுத்துக்குங்க. 2015இல் வந்த அரசு ஏற்பாட்டில், தொடக்கப் பள்ளியைச் சுத்தம் செய்கிறவருக்கு மாசம் 1,000 ரூபாய். நாள் கணக்குப் போட்டால் முப்பத்து மூணு ரூபாய் சொச்சம். எங்க காட்டில் களை வெட்ட வருகிறவரிடம் அந்தக் கூலியைச் சொன்னால் மம்பட்டியைக் கீழே போட்டுவிட்டுப் போய்விடுவார். அப்படி இருந்தும் ஒரு அம்மா வந்துகொண்டிருந்தார். பணம் மாசாமாசம் வராமல் மூணு நாலு மாசத்துக்கு ஒருக்கா சேர்த்து வரும். போன வருஷம் அவரும் மில்லு வேலைக்குப் போய்விட்டார். கழிப்பறை நாறுது என்று ரெண்டு பெற்றோர் டி.சி. வாங்கினார்கள். பெண் பிள்ளை வைத்திருக்கிறவர்களை அதற்காகக் குறை சொல்ல முடியாது.

ரெண்டு பிள்ளை போனால் என்ன என்று நினைக்காதீங்க. இங்கேதான் கணக்கு கடிக்கிறது. பள்ளிக்கு வருஷா வருஷம் வருகிற கூட்டு மானியம் தலை எண்ணிக்கையைப் பார்த்துத்தான். முப்பது பிள்ளை வரைக்கும் 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000 ரூபாய். முப்பத்தொன்று முப்பது ஆனால் 15,000 ரூபாய் போச்சு. பிள்ளை குறைந்ததால் கூரையின் நீளம் குறைவதில்லை, மோட்டார் சின்னதாவதில்லை. இதில் பத்தில் ஒரு பங்கைச் சுகாதாரத்துக்கு ஒதுக்கணும் என்று விதி வேறு. பத்தாயிரத்தில் ஆயிரம் ரூபாய். வருஷம் முழுக்க பினாயிலுக்கும் துடைப்பத்துக்கும் அது போதுமா என்று உங்கள் அபார்ட்மெண்ட் செக்ரட்டரியைக் கேட்டுப் பாருங்க.

எங்கள் பள்ளியில் இப்போது 26 பேர். அந்தப் பத்தாயிரமும் ஒழுங்காக வரும் என்று நம்பி உட்கார முடியாது. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது தெரியும்தானே. டி.வி.யில் அது டெல்லிக்கும் சென்னைக்குமான சண்டை. மும்மொழி, இருமொழி என்று நாள் கணக்கில் பேசினார்கள். ஊரில் அதற்கு வேறு பெயர். ஹெட்மாஸ்டர் கையிலிருந்து காசு போட்டு பல்பு வாங்குவது.

சரி, டெல்லி கொடுக்கலை, யூனியன் கண்டுக்கலை, ஊராட்சியே பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். நானும் கிராம சபையில் அதைத்தான் கேட்டேன். கிளர்க் தம்பி சலித்துக்கொள்ளாமல் விவரம் சொன்னார். ஊராட்சிக்கு மூணு வங்கிக் கணக்கு. ஒன்றாம் நம்பர், பொது நிதி. வீட்டு வரி, தண்ணி வரி, தொழில் வரி எல்லாம் அதில் சேரும். ரெண்டாம் நம்பர், கரண்ட் பில்லுக்கும் குடிநீர் வாரியத்துக்கும் கட்டுவதற்கு. மூணாம் நம்பர், திட்டப் பணம். மூணில் ஊர் தன் இஷ்டத்துக்குக் கை வைக்க முடிவது ஒன்றாம் நம்பர் மட்டும். எங்கள் மாதிரி சின்ன ஊராட்சியில் அதுவும் தெரு விளக்கு ரிப்பேர், பைப் உடைசல் என்று கரைந்துவிடும். மத்திய நிதிக்குழு மானியத்திலும் அறுபது சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்ட பணம். அதற்கும் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்கணும் என்று நிபந்தனை. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு தலைவர், கவுன்சிலர் எல்லோருடைய பதவியும் முடிந்து, தனி அலுவலர் கைக்கு நிர்வாகம் போய்விட்டது. பல ஊராட்சிகளை ஒரே அதிகாரி பார்க்கிறார். அவருக்கு எங்கள் பள்ளிக்கூடத்து ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிய நியாயமில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்குதுங்க. ஊராட்சியின் தொழில் வரி வரவில் எங்கள் ரெண்டு ஆசிரியர்கள் கட்டுவது பெரிய பங்கு. ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த வரம்புக்குள் ரெண்டு பேர் கட்டுவதே இருபது முப்பது ஓட்டு வீட்டு வரிக்குச் சமம். பள்ளிக்கூடத்துக்கு ஊராட்சி செலவு பண்ணுவதைவிட, பள்ளிக்கூடத்தால் ஊராட்சிக்கு வரவு அதிகம்! நாளைக்கு இந்தப் பள்ளியைப் பக்கத்து ஊரோடு இணைத்தால் அந்த வரவும் கூடவே போகும்.

இன்னொன்று, வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி. ஊரில் நூலகம் இருக்கோ இல்லையோ வசூலாகி மாவட்டத்துக்குப் போகும். பள்ளிக்கூடத்துக்கு என்று எங்கள் வரி ரசீதில் தனியாக ஒரு கட்டம் கிடையாது. உங்கள் சென்னை மாநகராட்சி சொத்து வரிக்குள் கல்வி வரி என்று ஒரு பங்கு இருக்கிறது. மாநகராட்சிப் பள்ளிகளுக்கு அது ஒரு பிடிமானம். குடிசை வரி கட்டுகிற ஊருக்கு அந்தப் பிடிமானம் இல்லை. 2019இல் மாணவரே இல்லாமல் போன நாற்பதுக்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகளை நூலகமாக மாற்றப் போவதாக அறிவித்தார்களே, அப்போது எனக்கு அந்தப் பத்து பைசாதான் ஞாபகம் வந்தது.

எங்க அக்கா பையன் அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் இருக்கிறான். அங்கே தனியாக ஹைஸ்கூல் நடத்த வசதியில்லாத நாலைந்து சின்ன ஊர்கள் சேர்ந்து ஒரு வட்டாரப் பள்ளி மாவட்டம் வைத்துக்கொள்வார்களாம். ஒவ்வொரு ஊரும் தன் பங்குப் பணத்தை ஊர்க் கூட்டத்தில் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொள்ளணும். பணம் பெரும்பாலும் வீட்டு வரியிலிருந்து. அந்த வரி வசூலை வருஷத்துக்கு ரெண்டரை சதவீதத்துக்கு மேல் கூட்டணும் என்றால் தனியாக மக்கள் வாக்கெடுப்பு வைக்கணும் என்று 1980இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். பிள்ளை இல்லாத கிழவன் கிழவி ஒரு பக்கம், பெற்றோர் ஒரு பக்கம் என்று மல்லுக்கட்டு நடக்குமாம். பணக்கார ஊருக்குக் கனமான பள்ளி, இல்லாத ஊருக்கு இளைத்த பள்ளி என்கிற அநியாயமும் அதிலேயே இருக்கிறது. அதைச் சரிக்கட்டத்தான் அந்த மாநில அரசு 1993இல் சட்டம் கொண்டுவந்து உதவிப் பணம் கொடுக்கிறது. அந்த ஏற்பாடு நமக்கு வேண்டாம். வாத்தியார் சம்பளத்தை எங்கள் ஊர் வீட்டு வரியில் கட்டச் சொன்னால் ஒரு மாசம் தாங்காது. ஆனால் ஒரு விஷயத்தில் பொறாமையாக இருந்தது. தன் ஊர்ப் பள்ளிக்கு இந்த வருஷம் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று அங்கே பால் வாங்க வருகிறவனுக்குத் தெரியும். இங்கே ஹெட்மாஸ்டருக்கே முழுசாகத் தெரியாது, பாதிச் செலவு வேறு ஆபீஸ் கணக்கில் இருப்பதால்.

"26 புள்ளைக்கு ரெண்டு வாத்தியார் சம்பளம் தண்டம்தானே, மூடிட்டு பஸ் விடலாமே" என்று போன பொங்கலுக்கு வந்த ஒரு நண்பர் கேட்டார். கணக்கு மட்டும் தெரிந்தவர். அந்த 26 பேர் யார் என்று பார்க்கணும். தோட்டம் துரவு வைத்திருக்கிற எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஏழரை மணிக்கு மஞ்சள் வேனில் ஏறிப் போயாச்சு. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் இன்னும் சிலர் போனார்கள். அவர்களுக்கான ஃபீஸையும் அரசாங்கமே தனியார் பள்ளிக்குக் கட்டுகிறது. மிச்சம் இருப்பது காலனிப் பிள்ளைகளும், மில்லு குவார்ட்டர்ஸில் இருக்கிற ஒடிசா, பீகார் குடும்பத்துப் பிள்ளைகளும். அம்மா அப்பா ரெண்டு பேரும் விடியக்காலையில் வேலைக்குப் போகிற வீடுகள். பக்கத்து ஊர் ரெண்டரை கிலோமீட்டர், நடுவில் லாரி ஓடுகிற ரோடு. ஆறு வயசுப் பிள்ளையை அதில் நடக்க விடுவார்களா? ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி இருக்கணும் என்று விதி வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

நன்கொடை பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களில் பலர் மெயிலில் கேட்பது அதைத்தான். 1958இல் கடம்பத்தூரில் ஆரம்பித்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராக நடத்தினார். காமராஜர் காலம். ஊர்க்காரர்கள் நிலம், பெஞ்சு, கடிகாரம் என்று கொண்டு வந்து கொடுத்தார்கள். இப்போது 2022 டிசம்பரில் வந்த 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' அதே வழி. தப்பில்லை. எங்களுக்கும் வெளியூர்க்காரர்கள் ஸ்மார்ட் டி.வி. கொடுத்தார்கள், பேர் போட்ட வளைவு வைத்தார்கள். வளைவுக்கு ஆன செலவில் சுத்தம் செய்கிற அம்மாவுக்கு நாலு வருஷம் மாசம் ரெண்டாயிரம் கூடுதலாகக் கொடுத்திருக்கலாம். ஆனால் கழிப்பறை கழுவுகிற கூலிக்குக் கல்வெட்டு வைக்க முடியாதே!

ஆகவே நோட்டும் பேனாவும் வாங்கி அனுப்புவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்க. ஊரில் பூட்டிக் கிடக்கிற உங்கள் தாத்தா வீட்டுக்கு வரி கட்டியாச்சா என்று பாருங்க. எங்கள் ஊராட்சி பாக்கிப் பட்டியலில் பூட்டின வீடுகள்தான் நீளமான வரிசை. ஓட்டு வீடாகப் பதிந்தது மாடி வீடாக மாறியிருந்தால் அதையும் சொல்லி மாற்றிக் கட்டுங்க. அது ஒன்றாம் நம்பர் கணக்கில் விழுகிற பணம், ஊர் தானாக முடிவெடுத்துச் செலவு பண்ணக் கூடியது.

ரெண்டாவது, கிராம சபை. வருஷத்துக்கு ஆறு. அதில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உங்களுக்கும் லீவு நாள்தான். வந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துக்கு இந்த வருஷம் எந்தெந்தக் கணக்கிலிருந்து எவ்வளவு வந்தது, கழிப்பறைக்கு ஆள் யார், அவருக்கு எந்த மாசம் வரை கூலி கொடுத்தாச்சு, யூனியனுக்கு எழுதின கூரை ரிப்பேர் மனு எந்தத் தேதியில் போனது என்று நாலு கேள்வி கேளுங்க. பதிலைத் தீர்மான நோட்டில் எழுத வையுங்க. பள்ளி மேலாண்மைக் குழுவில் தலைவராக இருப்பது ஒரு பிள்ளையின் அம்மாதான். எங்கள் ஊரில் அந்த அம்மா கேட்டால் "பாக்கலாம்மா" என்று அனுப்பிவிடுகிறார்கள். கூட நாலு பேர் நின்றால் பதில் வேறு மாதிரி வருகிறது. போன அக்டோபரில் அப்படித்தான், மூணு வருஷம் இழுத்த தண்ணி டேங்க் மூடி ஒரே வாரத்தில் வந்தது.

ஜூன் மாசம் ஒன்றாம் வகுப்புக்கு இதுவரை நாலு பேர் உறுதி. ஐந்தாவது முடித்து ஏழு பேர் போகிறார்கள். அப்போ 23. மில்லில் புதுசாக வந்திருக்கிற குடும்பங்களை நாளைக்குச் சாயங்காலம் டீச்சரோடு போய்ப் பார்க்கப் போகிறோம். ஹிந்தி தெரிந்தவர்கள் யாராவது ஊரில் இருந்தால் கூட வாங்க.