ப்ளானை ஏத்துறதுக்கு முன்னாடி பிங் அடிச்சுப் பாருங்க

எங்கப்பாவுக்கு நான் 7,000 ரூபாய் கடன்பட்டிருக்கேன். கேமுக்குள்ள ஸ்கின் வாங்கி இல்லீங்க, ஆன்லைன் ரம்மியிலயும் இல்லை. வீட்டு இன்டர்நெட் ப்ளான்ல.

எங்க வீடு சோமனூர் பக்கம். வீட்டை ஒட்டியே தறிக் குடோன், கூலிக்கு நெசவு. 2024 ஆகஸ்ட்ல ஒருநாள் ராத்திரி வேலோரன்ட் ஆடும்போது லேக் தாங்க முடியாம, "அப்பா, இந்த நெட்டு பத்தலீங்க, பெரிய ப்ளான் போடலாங்க"ன்னு சொன்னேன். 40 எம்பிபிஎஸ் ப்ளான் 150 எம்பிபிஎஸ் ஆச்சு. மாசம் 500 ரூபாய் கூடுதல். அப்பா ஒண்ணும் கேக்கலை. பையன் இன்ஜினியரிங் படிக்கிறான், அவனுக்குத் தெரியாதா?

2025 மார்ச், ஏப்ரல்ல கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்னது ஞாபகம் இருக்கும். எங்க குடோன்லயும் சத்தமே இல்லை. அந்த மாசமும் நெட் பில் கரெக்டா கட்டினார்.

லேக் மட்டும் போகவே இல்லை.

தீபாவளி லீவுல தான் எனக்குப் புத்தி வந்துச்சு. நெட்வொர்க்ஸ் லேப் ரெக்கார்டுல பிங் கமாண்ட் எழுதி, கையெழுத்து வாங்கி, வைவாவுல பதிலும் சொன்னவன் நான். ஆனா அதே கமாண்டை எங்க வீட்டுல ஒரு தடவை கூட அடிச்சுப் பார்த்ததில்லை. அன்னைக்கு அடிச்சேன். கூகுளுக்கு இல்லை, எங்க ஹால்ல இருக்கிற ரூட்டருக்கு. என் ரூம்ல இருந்து 12 அடி தூரம் இருக்கும். 3 மில்லிசெகண்ட், 5, 180, 240, அப்புறம் ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட். வீட்டுக்குள்ளயே பாக்கெட் தொலைஞ்சுட்டு இருந்திருக்கு! ரூட்டருக்கும் எனக்கும் நடுவுல ஒரு இரும்பு பீரோ. காந்திபுரத்துல 400 ரூபாய்க்குள்ள ஒரு 20 மீட்டர் லேன் கேபிள் வாங்கி இழுத்தேன். அன்னைக்கே சரியாயிடுச்சு. 14 மாசம், 14 பில். கணக்கு நீங்களே போட்டுக்கோங்க.

அதனால என் கருத்து ஒண்ணுதான்: அளந்து பார்க்காம இன்டர்நெட்டுக்குக் கூடுதலா ஒரு ரூபாய் கூட கட்டக் கூடாது. முக்கியமா நம்ம வீட்டுக்காரங்க காசை. வீட்டுல எல்லாரும் நம்மளைக் கேட்டுத்தான் முடிவு எடுக்கறாங்க. நமக்குத் தெரியாததுக்கு அவங்க பணம் கட்டறாங்க.

எம்பிபிஎஸ் வேற, பிங் வேற

நம்ம அவிநாசி ரோடு மேம்பாலத்தையே எடுத்துக்கோங்க. 2025 அக்டோபர்ல திறந்தாங்க, கோல்டுவின்ஸ்ல இருந்து உப்பிலிபாளையம் வரைக்கும் 10.1 கிலோமீட்டர். ராத்திரி 2 மணிக்கு ஒரே ஒரு பைக் அதுல போகுது. பாலத்துல நாலு லேன் இருந்தாலும் நாற்பது லேன் இருந்தாலும் அந்த பைக் போய்ச் சேர ஆகிற நேரம் ஒண்ணுதான். லேன் எத்தனைங்கறது எம்பிபிஎஸ். போய்ச் சேர்ந்து திரும்பி வர ஆகிற நேரம் பிங்.

கேம் அந்த ஒத்தை பைக் மாதிரி. நீங்க எங்க நிக்கறீங்க, எங்க சுட்டீங்கன்னு குட்டிக் குட்டி பாக்கெட்டா அனுப்பும். பெரும்பாலான மல்ட்டிபிளேயர் கேமுக்கு ஆடும்போது 1 எம்பிபிஎஸ் கூட முழுசா தேவைப்படாது. அந்தக் கொஞ்சம் டேட்டா லேட் ஆகாம, தொலையாமப் போகணும், அவ்வளவுதான்.

பெரிய ப்ளான் சுத்த வேஸ்ட்டுன்னு சொல்லலை. 60 ஜிபி கேம் டவுன்லோட் பண்ண 40 எம்பிபிஎஸ்ல 3 மணி 20 நிமிஷம் ஆகும், 150-ல ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிரும். வீட்டுல நாலு பேர் ஒரே நேரத்துல 4கே வீடியோ பார்த்தாலும் பெரிய ப்ளான் வேணும். ஆனா "லேக் அடிக்குது"ங்கற ஒரே காரணத்துக்காக ப்ளானை ஏத்துறது, பைக் பங்க்சர் ஆனதுக்கு ரோட்டை அகலப்படுத்தற மாதிரி.

பத்து நிமிஷ டெஸ்ட்

விண்டோஸ்ல கமாண்ட் பிராம்ப்ட் திறங்க. பிங்னு இங்கிலீஷ்ல அடிச்சு, ஒரு ஸ்பேஸ் விட்டு நம்பரைப் போடுங்க. கடைசியில ஒரு ஸ்பேஸ், ஹைஃபன், டி எழுத்து சேர்த்தா நீங்க நிறுத்தற வரைக்கும் ஓடும்.

முதல்ல உங்க ரூட்டர். நிறைய வீட்டுல 192.168.1.1 அல்லது 192.168.0.1. ரெண்டும் இல்லைன்னா வைஃபை செட்டிங்ஸ்ல கேட்வேன்னு இருக்கும் நம்பர். இது பெரும்பாலும் 5 மில்லிசெகண்டுக்குள்ள வரணும். எகிறிக் குதிச்சா பிரச்சினை உங்க வீட்டுக்குள்ள. கம்பெனியைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

ரெண்டாவது 8.8.8.8. இது கூகுளோட டிஎன்எஸ் சர்வர். ரூட்டருக்கு நல்லா வந்து இதுக்கு மட்டும் எகிறினா, பிரச்சினை பெரும்பாலும் கனெக்‌ஷன் கொடுக்கிறவங்க பக்கம்.

ரெண்டும் நல்லா இருந்து கேம்ல மட்டும் பிங் அதிகம்னா, பெரும்பாலும் சர்வர் தூரமா இருக்கும், இல்லைன்னா அந்த கேம் சர்வரே பிஸி.

கடைசியா, இதே டெஸ்டை வீட்டுல எல்லாரும் நெட் யூஸ் பண்ற பொழுதோட நேரத்துல ஒரு தடவை பண்ணுங்க. காலையில நல்லா இருந்து சாயங்காலம் மட்டும் மோசமானா அதுக்குக் காரணம் வேற.

ஒவ்வொண்ணுக்கும் என்ன பண்றது

வீட்டுக்குள்ள பிரச்சினைன்னா: முடிஞ்சா கேபிள் இழுங்க. முடியலைன்னா ரூட்டரை டிவி ஷோகேஸ்ல இருந்து வெளிய எடுங்க. பீரோ, ஃப்ரிட்ஜ் மாதிரி பெரிய இரும்புச் சாமான் பின்னாடி வைக்காதீங்க. உயரமா, திறந்த இடத்துல இருக்கணும். ஒரே ரூம்ல இருந்தா 5 கிகாஹெர்ட்ஸ் பேண்ட் யூஸ் பண்ணுங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டி நல்லாப் போகும், ஆனா பக்கத்து வீட்டு ரூட்டர், ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே அதே ரோட்டுல தான் ஓடுது. 2.4 தான் கதின்னா சேனல் 1, 6, 11-ல எது காலியா இருக்கோ அதுக்கு மாத்துங்க. இந்த மூணும் தான் ஒண்ணு மேல ஒண்ணு விழாது.

சாயங்காலம் மட்டும் பிரச்சினைன்னா: பல சமயம் இதுக்குக் காரணம் பஃபர்ப்ளோட். வீட்டுல ஒருத்தர் போன்ல போட்டோ பேக்கப் ஓடுது. அது அப்லோட் லைனை முழுசா அடைச்சிரும். ரூட்டர் எல்லா பாக்கெட்டையும் வரிசையில நிக்க வைக்குது. லாரிகளுக்குப் பின்னாடி மாட்டின ஆம்புலன்ஸ் மாதிரி உங்க கேம் பாக்கெட் நிக்கும். பேக்கப், அப்டேட் எல்லாத்தையும் ராத்திரி ஆட்டம் முடிஞ்சதுக்கு அப்புறம் ஓடற மாதிரி வைங்க. ரூட்டர்ல க்யூஓஎஸ் அல்லது எஸ்க்யூஎம் இருந்தா, அப்லோட், டவுன்லோட் ரெண்டுக்கும் உங்க உண்மையான வேகத்துல 90 சதவீதம் அளவுக்கு லிமிட் போடுங்க. வேகத்தைக் குறைச்சா கேம் நல்லா ஓடுமான்னு சிரிக்காதீங்க, வரிசை ரூட்டர்லயே கன்ட்ரோல்ல இருக்கறதால ஓடும். ஃபாஸ்ட் டாட் காம்ல கூடுதல் விவரம்னு ஒரு பட்டன் இருக்கு. லைன் சும்மா இருக்கும்போது லேட்டன்ஸி எவ்வளவு, லோடு இருக்கும்போது எவ்வளவுன்னு ரெண்டையும் காட்டும். ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தா பஃபர்ப்ளோட் தான்.

தூரம் தான் பிரச்சினைன்னா: யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. ஃபைபர்ல ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கோவையில இருந்து மும்பை நேர்கோட்டுல கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டர். போயிட்டு வர குறைஞ்சது 10 மில்லிசெகண்ட். கேபிள் நேர்கோட்டுல போகாது, நடுவுல ரூட்டர்கள் இருக்கு, அதனால நிஜத்துல இதை விடக் கூடத்தான் வரும். சிங்கப்பூர்னா நேர்கோட்டுலயே 3,100 கிலோமீட்டருக்கு மேல, 30 மில்லிசெகண்டுக்குக் கீழ வரவே வராது. அதனால கேம்ல சர்வர் ரீஜன் எதுன்னு முதல்ல பாருங்க. மும்பை இருக்கும்போது ஃப்ரெண்டுக்காக சிங்கப்பூர் போட்டுட்டு, ப்ளானை ஏத்தினா தூரம் குறையுமா?

சில சமயம் கடலுக்கு அடியிலயே பிரச்சினை வரும். 2025 செப்டம்பர்ல செங்கடல்ல ஜெட்டா பக்கம் கேபிள்கள் அறுந்தப்போ இந்தியா உட்பட பல நாட்டுல நெட் ஸ்லோ ஆச்சு. ஐரோப்பா பக்கம் போற டிராஃபிக் சுத்திப் போக வேண்டியதா இருந்துச்சு. அப்போ ரூட்டரை நூறு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் வேலைக்கு ஆகாது.

கம்பெனி பக்கம் பிரச்சினைன்னா: "நெட் ஸ்லோவா இருக்குங்க"ன்னு போன் பண்ணாதீங்க. "ரூட்டருக்கு 2 வருது, 8.8.8.8-க்கு 150 வருது, நூத்துல 8 பாக்கெட் தொலையுது, மூணு நாளா பொழுதோட 7 மணிக்கு மேல"ன்னு ஸ்க்ரீன்ஷாட்டோட சொல்லுங்க. புகார் நம்பரை மறக்காம வாங்குங்க. தீர்வு வரலைன்னா அதே கம்பெனியோட மேல்முறையீட்டு அதிகாரிகிட்ட போகலாம், டிராய் 2012 விதிமுறைப்படி அதுக்குக் கட்டணம் கிடையாது. டிராய் 2024-ல கொண்டு வந்த சேவைத் தர விதிகள்ல லேட்டன்ஸி, பாக்கெட் இழப்பு ரெண்டும் இருக்கு. அதாவது "எம்பிபிஎஸ் சரியா வருதே"ன்னு மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது.

காசு போடக் கூடாத இடங்கள்

பிங் பூஸ்டர் ஆப்: நிறைய ஆப் உள்ள ஒரு விபிஎன் தான். விபிஎன்ங்கறது பெரும்பாலும் கூடுதல் தூரம். உங்க கம்பெனி ரூட்டிங் மோசமா இருந்தா மட்டும் எப்பவாவது உதவும், அதையும் ஃப்ரீ ட்ரயல்ல அளந்து பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. இன்னொண்ணு, விபிஎன் பர்மிஷன் கொடுத்தா உங்க போன் டிராஃபிக் முழுக்க அவங்க வழியா போகும். யாருன்னே தெரியாதவங்களுக்கு அதைக் கொடுக்கணுமா?

டிஎன்எஸ் மாத்தினா பிங் குறையும்னு ரீல்ஸ்ல சொல்வாங்க. டிஎன்எஸ் வேலை பேரை வெச்சு அட்ரஸ் கண்டுபிடிக்கறது. வெப்சைட் திறக்கறது கொஞ்சம் வேகமாகலாம். மேட்ச் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் அதுக்கு வேலையே இல்லை. 1.1.1.1 போடறது இலவசம் தான், போட்டுக்கோங்க. அதைச் செட் பண்ணித் தர யாருக்கும் காசு கொடுக்காதீங்க.

ஃப்ரீ யூசி, ஃப்ரீ டைமண்ட் லிங்க்: இங்க அளக்க வேண்டியது அட்ரஸை. லிங்க்ல முதல் தனி ஸ்லாஷுக்கு முன்னாடி கடைசியா வர்ற பேர் தான் உண்மையான ஓனர். அதுக்கு முன்னாடி எந்தப் பெரிய கேம் பேர் இருந்தாலும் அது வெறும் மேக்கப். எங்க சித்தப்பா பையன் எட்டாவது படிக்கிறான், இப்படி ஒரு லிங்க்ல பாஸ்வேர்டு போட்டு ரெண்டு வருஷ அக்கவுண்ட் போச்சு. நல்லவேளை, சித்தி போன்ல இருந்த யூபிஐ வரைக்கும் போகலை. யூபிஐ பின் பணம் அனுப்பத்தான், பணம் வாங்கறதுக்குப் பின் தேவையே இல்லை. இந்த ஒரு வரியை வீட்டுல எல்லாருக்கும் சொல்லுங்க. பணம் போயிடுச்சுன்னா வெட்கப்பட்டுட்டு உட்காராம உடனே 1930-க்கு அடிங்க. சீக்கிரம் சொன்னாத்தான் அந்தப் பணத்தை நடுவுல நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

"500 ரூபாய்க்கு இவ்வளவு பேச்சா?"ன்னு கிளாஸ்ல ஒருத்தன் கேட்டான். உனக்குப் பெருசில்லை மச்சி, ஏன்னா நீயும் கட்டலை, நானும் கட்டலை. நாலு வருஷம் படிச்சு பிளேஸ்மென்ட்ல "ட்ரபுள்ஷூட்டிங் தெரியும்"னு ரெஸ்யூமே போடறோம். சொந்த வீட்டு ரூட்டரை அளக்காம அது என்ன தெரியும்?

கேபிள் இழுத்த அடுத்த நாள் அப்பாகிட்ட உண்மையைச் சொன்னேன். தறிக்கு எண்ணெய் விட்டுட்டு இருந்தார். திட்டுவார்னு நினைச்சேன். "ஏஞ்சாமி, தறி நின்னா நாங்க மொதல்ல நூல் அறுந்திருக்கான்னு பாப்பமா, இல்ல புது மோட்டார் வாங்குவமா?"ன்னு மட்டும் கேட்டார். பழைய 40 எம்பிபிஎஸ் ப்ளானுக்கே திரும்பிட்டோம். நேத்து நைட் கூட ஆடினேன், லேக் இல்லை. தோத்தேன், ஆனா அதுக்கு இனிமே நெட்டைக் காரணம் சொல்ல முடியாது.

இந்த சனிக்கிழமை ஊருக்குப் போறவங்க, வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் ரூட்டருக்கு ஒரு பிங் அடிங்க. மாசம் எவ்வளவு பில் கட்டறாங்கன்னும் அப்படியே கேளுங்க.