"பெரிய ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்க!" - எப்போது சொல்லலாம்? எப்போது சொல்லக் கூடாது?

விபத்தில் அடிபட்டவரை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினால், பல இடங்களில் கிடைக்கும் பதில் ஒன்றுதான். "இங்கே வசதி இல்லே. பெரிய ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்க!"

சில சமயம் அது உயிரைக் காப்பாற்றும். சில சமயம் அதுவே எமனாகிவிடும்.

கல்கத்தாவில் நடந்தது

1992-ம் ஆண்டு ஜூலை மாதம். மேற்கு வங்காளம் மதுராபூரில் ஒரு தொழிலாளி ரெயிலில் இருந்து விழுந்தார். தலையில் பலத்த அடி. மூளையில் ரத்தக்கசிவு.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி இல்லை என்று அனுப்பினார்கள். கல்கத்தாவில் அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் ஏறி இறங்கியும், "படுக்கை காலி இல்லை" என்று கைவிரித்துவிட்டார்கள். கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் பிழைத்தார். செலவு சுமார் 17 ஆயிரம் ரூபாய்.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1996-ல் தீர்ப்பு வந்தது. "அவசர சிகிச்சை தராதது, உயிர் வாழும் உரிமையைப் பறிப்பதாகும்" என்று கூறி, 25 ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு தர உத்தரவிட்டது. எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை காலி என்று உடனே தெரிந்துகொள்ள ஏற்பாடு வேண்டும் என்றும் சொன்னது.

முதலில் மூச்சு, பிறகு வண்டி

தலையில் அடிபட்டவரை, மூளை ஆபரேஷன் டாக்டர் இல்லாத இடத்தில் வைத்திருந்து பயனில்லை. மாற்றத்தான் வேண்டும். ஆனால் நினைவு தப்பிக் கிடப்பவருக்கு மூச்சுக்குழாய் போட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். வழியும் ரத்தத்தை அழுத்திக் கட்ட வேண்டும்.

வயிற்றுக்குள் ரத்தம் கொட்டி பிரஷர் இறங்குகிறதா? ஆபரேஷன் செய்யும் டாக்டர் அங்கேயே இருந்தால், முதலில் ரத்தத்தை நிறுத்திவிட்டு அனுப்புவதுதான் முறை. டாக்டர் இல்லையா? ஒரு நிமிஷம்கூட வீணாக்கக் கூடாது. அனுப்புவது என்று முடிவான பிறகு, "ஸ்கேன் எடுத்துட்டுப் போகலாம்" என்று காக்க வைப்பது ஆபத்து.

புறப்படும் முன் டாக்டரே அந்த ஆஸ்பத்திரி டாக்டரிடம் போனில் பேச வேண்டும். எத்தனை மணிக்கு அடிபட்டது, பிரஷர் எவ்வளவு, என்ன மருந்து போட்டது என்று எழுதிய சீட்டும் கூடவே போக வேண்டும்.

பணம் கட்டினால்தானா?

தமிழ்நாட்டில் 2008-ல் 108 வண்டி வந்தது. 2021 டிசம்பரில் "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டம் வந்தது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை, குறிப்பிட்ட தொகை வரை அரசு ஏற்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் இது உண்டு. அங்கே "பணம் கட்டினாத்தான் பார்ப்போம்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

"வேறு இடத்துக்குப் போங்க" என்று சொன்னால், கூட இருப்பவர்கள் கேட்க வேண்டியது மூன்றே கேள்விதான்.

"மூச்சும் ரத்தமும் கட்டுக்குள்ளே இருக்கா? அங்கே போன் பண்ணிட்டீங்களா? சீட்டு எங்கே?"