ஷோபாசக்தி, ராக்கிராஜ், தீபன்: ஒரு அகதிக்கு எத்தனை பெயர் வேண்டும்?

இறந்துபோன ஒருவரின் பாஸ்போர்ட். முன்பின் தெரியாத ஒரு பெண் 'மனைவி', ஒரு சிறுமி 'மகள்'. மூவரும் குடும்பமாக நடித்து இலங்கையிலிருந்து பிரான்ஸ் போய்ச் சேர்கிறார்கள். 2015 கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வென்ற 'தீபன்' படத்தின் கதை இது. அதில் தீபனாக நடித்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. அதுவும் புனைபெயர்தான், இயற்பெயர் அந்தோணிதாசன்.

யார் இவர்?

யாழ்ப்பாணம் அருகே அல்லைப்பிட்டியில் பிறந்தவர். பதின்ம வயதில் புலிகள் இயக்கத்தில் சேர்ந்து, சில ஆண்டுகளில் விலகினார். தாய்லாந்தில் சில காலம் இருந்துவிட்டு, 1993இல் போலி பாஸ்போர்ட்டில் பிரான்ஸ் போனார். ஓட்டலில் பாத்திரம் கழுவுவது முதல் கிடைத்த வேலையெல்லாம் செய்தார். முதல் நாவல் 'கொரில்லா' 2001இல் வந்தது. சிறுவயதில் இயக்கத்துக்குப் போகும் அதன் நாயகன் ராக்கிராஜ், பெருமளவு அவரே.

சொந்தக் கதைக்கு எதுக்கு இன்னொரு பெயர்?

தஞ்சம் கேட்பவர் அதிகாரி முன்பு தன் கதையைச் சொல்ல வேண்டும். தேதி, இடம், ஆதாரம் எல்லாம் பொருந்தணும். ஒரு முரண்பாடு போதும், மனு நிராகரிக்கப்படலாம். பயமும் குற்றவுணர்வும் அந்தப் படிவத்தில் அடங்காது. மனுவில் எழுத முடியாததை ராக்கிராஜால் சொல்ல முடிந்தது. அரசையும் இயக்கத்தையும் ஒருசேர விமர்சிக்கவும் முடிந்தது.

இதுல செங்கல்பட்டு எங்கே வருது?

மாமல்லபுரம் போகிறவர்கள் ரயிலிலிருந்து இறங்கி பஸ் பிடிக்கும் ஊர் செங்கல்பட்டு. இலங்கைத் தமிழர்களை அடைத்துவைத்த 'சிறப்பு முகாம்' பல ஆண்டுகள் இங்கேதான் இயங்கியது. விடுதலை கேட்டு உள்ளே இருந்தவர்கள் பலமுறை உண்ணாவிரதம் இருந்தார்கள். 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின் அகதிகள் மீதான கண்காணிப்பு இறுகியது. பாதுகாப்புதான் காரணம் என்றது அரசு. விசாரணையே முடியாமல் அடைத்துவைப்பது நியாயமா என்று கேட்டார்கள் உள்ளே இருந்தவர்கள். இப்போது அத்தகைய முகாம் திருச்சியில் இருக்கிறது.

சட்டம் இப்போ என்ன சொல்லுது?

2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டப்படி, போலி பாஸ்போர்ட் பயன்படுத்தினால் 2 முதல் 7 ஆண்டுகள் சிறை. அபராதம் 1 லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய் வரை. அதே நேரத்தில், 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழர்களுக்கு, உரிய ஆவணமின்றி வந்து தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கு கிடைத்திருக்கிறது.

ஆனால் இது குடியுரிமை அல்ல. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. பெற்றோர் இருவரும் அகதிகள் என்றால், இங்கேயே பிறந்து படித்து வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் பிறப்பால் குடியுரிமை கிடைப்பதில்லை. ஷோபாசக்திக்கு வேறு பெயரில் வாழ ஒரு நாவல் கிடைத்தது. இவர்கள் கேட்பது, சொந்தப் பெயரில் ஒரு இந்திய பாஸ்போர்ட்.