நலம் பேணுவோம்: அம்மம்மா தைத்த பஞ்சுப் போர்வை

மகள் பிள்ளைத்தாச்சியாக இருக்கிறாள் என்ற செய்தி இலண்டனிலிருந்து வந்ததும், யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாயார் அலுமாரியைத் திறந்து பழைய நூல்சேலைகளைத் தெரிந்தெடுக்கத் தொடங்குவார். பலமுறை தோய்த்து மென்மையாகிவிட்ட சேலைத் துணியைப் போலப் பச்சைப்பிள்ளையின் உடம்புக்கு இதமானது வேறில்லை என்பது தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு. அந்த அறிவில் பிழை எதுவுமில்லை. இங்கு வந்து மார்கழிக் குளிரைக் கண்ட பின்னர்தான் சிக்கல் ஆரம்பமாகிறது.

நம்மவர் வீடுகளில் அடிக்கடி நடப்பது இதுதான். அம்மம்மா யன்னலோரம் தையல் மெசினை வைத்துக்கொண்டு, சேலைத் துண்டுகளைப் பொருத்தி, நடுவே பஞ்சு வைத்து, வாரக்கணக்காக இருந்து ஒரு போர்வை தைக்கிறார். அதே துணியில் சிறு தலையணையும், தொப்பியும், கையுறையும் தைக்கிறார். பிள்ளை வீட்டுக்கு வருகிறது. அடுத்த நாள் வந்த மருத்துவத்தாதி தொட்டிலைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுப் போகிறார். மகள் போர்வையை மடித்து அலுமாரிக்குள் வைக்கிறாள். அம்மம்மா இரண்டு நாள் ஒருவருடனும் பேசுவதில்லை. மூன்றாம் நாள் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: “எங்கட காலத்திலே பிள்ளையள் வளரேல்லையோ?”

அக்கேள்விக்கு மரியாதையுடன் விடை சொல்லவேண்டியது அவசியம். அக்காலத்திலும் நேற்றிரவு நன்றாக இருந்த சிசு விடியும்போது உயிரற்றுக் கிடந்த சம்பவங்கள் உண்டு. காரணம் தெரியாதபோது நாவூறு என்றும் கிரகதோஷம் என்றும் சொல்லி மனத்தைத் தேற்றிக்கொண்டனர். மேல்நாட்டு வைத்தியர்களுக்கும் நெடுங்காலம் காரணம் பிடிபடவில்லை. அவர்கள் இதனைத் தொட்டில் மரணம் என்று அழைத்தனர். குப்புறப் படுத்தல், உடம்பு அளவுக்கு மீறிச் சூடாதல், முகம் துணியால் மூடப்படுதல், வீட்டில் புகைபிடித்தல் ஆகியவை இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. 1991ஆம் ஆண்டு இறுதியில் பிரித்தானியாவில் சிசுக்களை நிமிர்த்திப் படுக்கவைக்கும்படி பெரும் பிரசாரம் தொடங்கியது. அதன்பின் இம்மரணங்கள் முன்பிருந்ததில் முக்கால் பங்குக்கும் மேலாகக் குறைந்தன. புதிய மருந்தோ சத்திரசிகிச்சையோ இல்லாமல், படுக்கவைக்கும் முறையை மாற்றியதால் மட்டும் காப்பாற்றப்பட்ட உயிர்கள் அவை.

ஆகையால் முதல் பன்னிரண்டு மாதங்களுக்குத் தொட்டிலுக்குள் பஞ்சுப் போர்வையும் தலையணையும் வேண்டாம் என்று தாதி சொன்னது அம்மம்மாவின் கைவேலையை அவமதித்தல்ல. சிறு சிசுவால் முகத்தை மூடிய துணியைத் தள்ளிவிட முடியாது. அது தன் சூட்டைப் பெரும்பாலும் தலைவழியாகவே வெளியேற்றுவதால், வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பியும் கூடாது. படுக்கும் அறை 16 முதல் 20 பாகை செல்சியஸ் வரை இருந்தால் போதுமானது. பிள்ளையின் கைகாலைத் தொட்டு “ஐஸ் மாதிரிக் கிடக்குது” என்று பயந்து துணிமேல் துணி போர்த்துவது நம்மவர் வழக்கம். சிசுவின் கைகால் குளிர்ந்திருப்பது இயல்பு. சூட்டை அறியவேண்டுமானால் பிடரியையோ நெஞ்சையோ தொட்டுப் பார்க்கவேண்டும். அங்கே வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறைக்கவேண்டும்.

அப்படியானால் பாட்டிமார் எதைத்தான் தைப்பது? தைப்பதற்கு நிறையவே உண்டு. சேலைத்துணியில் முன்பக்கம் திறக்கும் மெல்லிய சட்டைகள், உமிழ்நீர்த் துணிகள், துவாலைகள் எல்லாம் நாள்தோறும் பயன்படும். கையுறையோ காலுறையோ தைத்தால் அதை உட்புறம் திருப்பி, தொங்கும் நூல்களை ஒட்ட வெட்டவேண்டும். தனித்த ஓர் இழை சிறுவிரலைச் சுற்றி இறுகினால் இரத்தவோட்டம் தடைப்பட்டு விரலுக்கே மோசம் வரலாம். காரணமின்றிப் பிள்ளை ஓயாமல் அழுதால் வைத்தியர்கள் கைகால் விரல்களைப் பார்ப்பது இதனாலேயே.

துணிப்பொம்மைக்குப் பொத்தானால் கண் வைக்காமல் நூலால் தைத்துவிடுவது நல்லது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் போடும். ஏறத்தாழ 3.2 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள சிறு குழாய்க்குள் அடங்கும் எந்தப் பொருளையும் அந்த வயதினருக்கான விளையாட்டுப் பொருள்களில் அனுமதிப்பதில்லை. குளிர்ச்சட்டையின் தலைமூடியில் இழுகயிறு கோப்பதையும் தவிர்க்கவேண்டும். கயிறு எங்காவது மாட்டிக் கழுத்தை இறுக்கலாம் என்பதால் பிள்ளைகளின் வெளிச்சட்டைகளில் அதனைப் பிரித்தானியா 1976ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடுத்துவிட்டது. பெரிய பேத்திக்கு நவராத்திரிக்குப் பாவாடை தைப்பவர்கள், வளர வளர அவிழ்த்து நீளமாக்க அடியில் மடிப்பு விடுவது போற்றத்தக்க சிக்கனம். ஆனால் இன்றைய நீளம் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். குத்துவிளக்கின் பக்கத்தில் குனியும் பிள்ளைக்கு நிலத்தில் புரளும் பாவாடை ஆகாது. நைலோன் துணி நெருப்புப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் மறக்கலாகாது.

தைப்பவரின் உடல்நலமும் முக்கியம். நாற்பது வயதுக்கு மேல் கிட்டப்பார்வை குறைவது இயற்கை. கண்ணாடி போட்டும் நூல் கோக்க முடியாவிட்டால், வெளிச்சத்தைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால், கண் வைத்தியரிடம் காட்டவேண்டும். நீரிழிவுள்ளவர்கள் விரல் மரத்திருந்தால் ஊசி குத்தியதையே உணரமாட்டார்கள். அவர்கள் விரலுறை அணிந்து, தைத்து முடிந்ததும் விரல்களைப் பார்த்துக்கொள்ளட்டும். இன்னுமொன்று: சத்திரசிகிச்சைக் கூடத்தில் வயிற்றை மூடுமுன் ஊசிகளையும் பஞ்சுத்துணிகளையும் எண்ணிச் சரிபார்ப்பார்கள். தவழும் பிள்ளை உள்ள வீட்டிலும் குண்டூசிகளை எண்ணி எடுத்து எண்ணியே வைக்கவேண்டும்.

இனி அலுமாரிக்குள் இருக்கும் போர்வைக்கு வருவோம். அதை அங்கேயே விட்டுவைக்கத் தேவையில்லை. பிள்ளை விழித்திருக்கும் வேளையில் நிலத்தில் விரித்து, அதன்மேல் சிறிதுநேரம் குப்புறக் கிடத்தலாம். கழுத்தும் தோளும் பலப்படுவதற்கு அது அவசியமான பயிற்சி. ஆனால் ஒருவர் கண்ணெடுக்காமல் பக்கத்தில் இருக்கவேண்டும். வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் அலையும் தாய்தகப்பனுக்கு அந்தப் பொறுமை வாய்ப்பது கடினம். அம்மம்மாவுக்கு வாய்க்கும். பிள்ளை தலையைத் தூக்கி முதன்முதல் பார்ப்பது அவருடைய முகமாகவும் இருக்கலாம். முதலாவது பிறந்தநாள் கழிந்தபின் அதே போர்வை கட்டிலுக்கு ஏறட்டும்.

மகள்மாருக்கும் ஒரு வார்த்தை. போர்வையை மடித்து வைக்குமுன் அதற்கான காரணத்தைத் தாயிடம் சொல்லிவிடுங்கள். பேரப்பிள்ளையின் உயிருக்காக என்று தெரிந்தால், தைத்ததைத் தம் கையாலேயே பிரித்துப் போடவும் பின்னிற்காதவர்கள் நம்முடைய தாய்மார்.