"ஐஸ் மேல தனியா நடக்கப்போறேன்க்கா!" - தம்பியிடம் நான் சொன்ன 10 நிமிடக் கணக்கு

பொங்கல் முடிந்து சென்னைக்குக் கிளம்ப, பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சித்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கண்ணு, நீ பத்திரிகையில இருக்கற, நீ சொன்னா கேப்பான். பனி ஆத்து மேல தனியா நடக்கப்போறானாம்!"

மாரண்டஹள்ளியில் ஜனவரிக் குளிர் என்றால் ஒரு ஸ்வெட்டர், காதை மூட ஒரு மஃப்ளர். எங்களுக்குத் தெரிந்த ஆறு சின்னாறு. உறைந்த ஆற்றை நாங்கள் பார்த்தது ரீல்ஸில்தான்.

பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பியும் அதே ரீல்ஸைப் பார்த்துத்தான் திட்டம் போட்டிருக்கிறான். விமானத்தில் லடாக்கின் லே. அங்கிருந்து ஜான்ஸ்கர் பள்ளத்தாக்கு. உறைந்து கிடக்கும் ஒரு மலை ஓடையில், சாயங்கால வெளிச்சத்தில், தனியாக மேலே ஏறி வீடியோ எடுப்பது. "க்ரூப்ல போனா ஒரே சத்தம்க்கா" என்றான். அந்த ஆசை எனக்கும் உண்டு என்பதால் உடனே திட்ட முடியவில்லை.

ஜான்ஸ்கர் ஆற்றின் மேல் உறையும் பனிப் பாதைக்கு 'சாதர்' என்று பெயர். போர்வை என்று அர்த்தம். குளிர்காலத்தில் மலைப்பாதைகள் பனியில் மூடிவிடும்போது, ஜான்ஸ்கர் மக்கள் இதன் மேல் நடந்துதான் லேவுக்கு வெண்ணெய் கொண்டுபோய் விற்றார்கள். கையில் கம்பு. ஐஸைத் தட்டி, சத்தத்தை வைத்தே தாங்குமா தாங்காதா என்று கண்டுபிடிப்பார்கள். அவர்களே கூட்டமாகத்தான் போனார்கள்.

"மேலே கல்லு மாதிரி இருக்கும், அடியில ஆறு ஓடிக்கிட்டே இருக்கும்டா" என்றேன். தண்ணீர் வேகமாக ஓடும் இடத்திலும் பாறையை ஒட்டியும் ஐஸ் மெல்லிசாக இருக்கும். மேலே விழுந்த பனியோ கம்பளி மாதிரி குளிரைத் தடுத்து, அடியில் ஐஸ் கெட்டியாக விடாது. பார்க்க எல்லாம் ஒரே வெள்ளை.

"உடைஞ்சா ஏறி வந்துடுவேன்க்கா, எனக்கு நீச்சல் தெரியும்."

கனடாவைச் சேர்ந்த விஞ்ஞானி கோர்டன் கீஸ்பிரெக்ட், உறைநீரில் விழுந்தவர்களுக்காக '1-10-1' என்று ஒரு கணக்கு சொல்கிறார். முதல் 1 நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது, வாய் பிளந்து திணறும். அடுத்த 10 நிமிடம்தான் கை கால் சொன்னபடி கேட்கும். குளிரில் நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம் ஆகும். அதாவது, 10 நிமிடத்துக்குப் பிறகு உயிர் இருக்கும், நினைவும் இருக்கும், விரல் மட்டும் மடங்காது. அப்போது கரையிலிருந்து கயிறு வீச ஒருவர் வேண்டும்.

தப்பித்துக் கரையேறினாலும் சாயங்காலம் ஆயிற்றே! குறுகிய பள்ளத்தாக்கில் வெயில் சீக்கிரமே மறைந்துவிடும். ஈரத் துணியோடு நிற்கும்போது அங்கே ராத்திரி மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்கும்.

சாதர் நடைக்குப் போகிறவர்களே முதலில் லேயில் தங்கி, சுமார் 11,500 அடி உயரத்துக்கு உடம்பைப் பழக்கி, மருத்துவப் பரிசோதனையில் தேறி, அனுமதி வாங்கித்தான் கிளம்ப வேண்டும். இதையும் சொன்னேன். தம்பி போனையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமோ என்று நினைத்தேன்.

நேற்று ராத்திரி மெசேஜ் வந்தது: "வழிகாட்டியோட எட்டுப் பேர் க்ரூப்ல சேர்ந்துட்டேன். பகல் நடை மட்டும்தான். அம்மாகிட்ட நீயே சொல்லுக்கா."

சொன்னேன். சித்தி இன்று காலை தருமபுரிக்குப் போய் நாலு ஜோடி கம்பளி சாக்ஸ் வாங்கி வந்துவிட்டார். மூன்று அவனுக்காம், ஒன்று கூட வரும் வழிகாட்டிக்காம்.