இலையின் இடப்பக்கம்



பக்கவாதத்திலிருந்து எழுந்த சகோதரர் ஒருவருக்காக ஜெபிக்க இராஜபாளையம் சென்றிருந்தேன். (அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.) நடக்கிறார், பேசுகிறார். ஆனால் இலையின் வலப்பக்கத்தை மட்டும் உண்டுவிட்டு, இடப்பக்கத்தில் சோறு இருக்கையிலேயே மறுசோறு கேட்டார். "எல்லாம் பிடிவாதம், ஐயா" என்றார் மனைவி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த மகளும் ஆமோதித்தாள்.

பிடிவாதமன்று. மூளையின் வலப்பாதி பாதிக்கப்பட்டால், கண் நன்றாயிருந்தும் மனம் இடப்புறத்தைக் கவனியாமற்போகலாம். வேதம் வாசித்தாலும் வரியின் நடுவிலிருந்தே தொடங்குவார். பக்கத்தின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடிட்டு, வரிதோறும் அதைத் தேடச் செய்வது ஒரு பயிற்சி. மாதக்கணக்கில் ஆகலாம். மறுபடி கற்பதும் சிகிச்சையே. 1966-இல் வேலூர் சி.எம்.சி.யில் அதற்கென மறுவாழ்வு நிலையம் எழுந்தது. அதை நடத்திய டாக்டர் மேரி வர்கீஸ், விபத்தில் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியிலிருந்தே பணியாற்றியவர்.

நாமோ, கால் நடந்தவுடன் ஸ்தோத்திரம் ஏறெடுத்துச் சந்திப்பை நிறுத்திவிடுகிறோம். பெத்சாயிதாவின் குருடன் முதற்தொடுதலில் மங்கலாகவே கண்டான். இயேசு அவனை மறுபடியும் தொட்டார்.

இந்த ஞாயிறு அவர் ஆராதனைக்கு வருகிறார். அவருடைய இடப்புறத்தில் யாரேனும் அமருங்கள். பாட்டுப்புத்தகத்தில் சிவப்புக் கோடு இட்டு வைத்திருக்கிறேன்.